கடைசி வீட்டுக் குழாய்

குழாய் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்குச் சட்டையும் மோட்டார் சைக்கிளும் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஸ்பேனர் பிடிப்பது எப்படி என்று சொல்லித்தர நான் வரவில்லை. அதை என்னைவிட நன்றாகக் காட்ட இப்போது வீடியோ இருக்கிறது. வீடியோவில் வராத ஒன்றைச் சொல்கிறேன். நான் செய்த தப்பு ஒன்று. பதினான்கு வீடுகளுக்கும் பரவிய தப்பு என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பாடாங் செராய்க்கு வெளியே மேட்டின்மேல் ஒரு குடியிருப்புத் தாமான் இருக்கிறது. அதன் கடைசிச் சந்தான லோரோங்கில் ஒரே வரிசையாகப் பதினான்கு வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டியவை. தெருக்குழாய் முதல் வீட்டுப் பக்கம் நுழைந்து பதினான்காம் வீட்டோடு முடிகிறது. மேடு என்பதால் தண்ணீர் அங்கே சோம்பலாகத்தான் ஏறும்.

முதல் வீட்டு முனியாண்டி அண்ணன் தோசை மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுபவர். அவர்தான் முதலில் என்னைக் கூப்பிட்டார். “மேல தொட்டிக்குத் தண்ணி ஏற மாட்டேங்குது லா. ஒரு பம்ப் மாட்டிக் குடு தம்பி” என்றார். சனிக்கிழமைகளில் நான் சொந்தமாக வேலை எடுத்துச் செய்வது வழக்கம். தெருக்குழாயிலிருந்து பம்ப் வைத்து நேராக உறிஞ்சக்கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மாட்டினேன். அடுத்த மாதம் இரண்டாம் வீட்டில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். அவர்களுக்கும் மாட்டினேன். பிறகு நான்காம் வீடு, ஆறாம் வீடு. முனியாண்டி அண்ணன் தன் பம்ப் போதவில்லை என்று இன்னும் பெரியதாக மாற்றச் சொன்னார். மாற்றினேன். இரண்டு வருஷத்தில் அந்த வரிசையில் ஒன்பது பம்புகள் என் கையால் ஏறின. எல்லோரும் என்னைப் ‘பைப் அண்ணே’ என்று கொண்டாடினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் நான் வேலை பார்க்கும் தண்ணீர்க் கம்பெனியிலிருந்து புகார்ச் சீட்டு வந்தது. பதினான்காம் வீடு, தண்ணீர் இல்லை.

அது மேரி அக்கா வீடு. கூலிம் தொழிற்பேட்டையில் காலை ஷிப்ட் வேலை செய்பவர், அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். கணவர் அந்தோணி லாரி ஓட்டியவர். சிறுநீரகம் கெட்டுப்போய் வேலையை விட்டுவிட்டார். நான் குழாயைத் திறந்தேன். அது இருமியது, இரண்டு சொட்டு விட்டது, பிறகு காற்றுதான்.

“பெரிய பம்பா ஒண்ணு போட்ருவோம்கா. இழுத்துக்கிட்டு வந்துரும்” என்று சட்டென்று சொன்னேன். வாய் அப்படிப் பழகியிருந்தது.

மேரி அக்கா என்னையே பார்த்தார். “ஏற்கனவே ஒண்ணு இருக்குண்ணே. நீங்கதான் மாட்டிக் குடுத்தீங்க. காத்தத்தான் இழுக்குது” என்றார்.

அப்போதுதான் அவர்களுக்கு என்ன பிரச்சினை என்று கேட்டேன். உள்ளே நுழைந்ததும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அந்தோணி அண்ணனுக்கு வயிற்றில் ஒரு குழாய் பொருத்தியிருந்தார்கள். இனி வீட்டிலேயே ஒரு நாளைக்கு நான்கு முறை மருந்து நீரை உள்ளே விட்டு, பழையதை வெளியே எடுக்கும் சிகிச்சை. ஒவ்வொரு முறையும் ஓடுகிற தண்ணீரில் கையை நன்றாகக் கழுவிய பிறகுதான் அந்தக் குழாயைத் தொட வேண்டும். கிருமி உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. தொட்டியில் தேங்கிய தண்ணீர் வேண்டாம், நேர்க்குழாய்த் தண்ணீர்தான் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வாரத்தில் ஆஸ்பத்திரித் தாதி வீட்டைப் பார்க்க வருவார். குழாயில் தண்ணீர் இல்லையென்றால் வீட்டுச் சிகிச்சைக்கு அனுமதி கிடையாது. வாரம் மூன்று நாள் கூலிமுக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் படுக்க வேண்டும். அழைத்துப் போக மேரி அக்காவை விட்டால் ஆள் இல்லை. அவர் வேலையை விட வேண்டியதுதான்.

“குடிக்கிற தண்ணிய பாட்டல்ல வாங்கிக்கலாம் தம்பி. ஓடுற தண்ணிய எந்தக் கடையில விக்கிறான்?” என்றார் அந்தோணி அண்ணன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பக்கத்துச் சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். பம்ப் ஓடும் அதிர்வு தெரிந்தது. வெளியே வந்து வரிசை நெடுக நடந்தேன். ஏழு வீட்டில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் என் பிள்ளைகள். ஒவ்வொன்றின் குரலும் எனக்குத் தெரியும். அத்தனையும் சேர்ந்து உறிஞ்சினால், வெற்றுக் குழாய் மண்ணுக்குள் இருக்கும் விரிசல் வழியாகச் சாக்கடை நீரைக்கூட இழுத்துவிடும். அந்தத் தண்ணீரில்தான் அந்தோணி அண்ணன் கை கழுவ வேண்டியிருக்கும்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். எனக்கு முன்னால் சுலபமான வழி ஒன்று இருந்தது. மேலிடத்துக்கு எழுதிப் போட்டால் ஆட்கள் வந்து பம்புகளைக் கழற்றிவிடுவார்கள். ஆனால் எழுதிப் போட்டது யார் என்று லோரோங் முழுக்கப் பேச்சு வரும். கடைசி வீட்டைத்தான் கை காட்டுவார்கள். மேரி அக்காவுக்குத் தண்ணீர் கிடைக்கும், அக்கம்பக்கம் போய்விடும். நோயாளி இருக்கும் வீட்டுக்கு இரண்டும் வேண்டும். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பம்பு மாட்டியவன் யார் என்ற கேள்வியும் வரும் என்று பயந்தேன்.

சரி, எல்லோரையும் கூட்டிப் பேசுவோம் என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, கோயில் மண்டபம், காப்பி பலகாரம் உண்டு என்று அறிவித்தேன். அந்த நேரத்தில் கிறிஸ்துவக் குடும்பங்கள் சர்ச்சில் இருந்தன. மலாய்க்காரக் குடும்பங்கள் கோயில் மண்டபத்துக்கு வரத் தயங்கின. இரவு ஷிப்ட் முடித்தவர்கள் தூங்கினார்கள், காலை ஷிப்ட்காரர்கள் ஓவர்டைம் போனார்கள். முனியாண்டி அண்ணனும் வேறு இரண்டு பேரும் வந்து, உளுந்து வடையைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். மேரி அக்காவே வரவில்லை, அவரும் சர்ச்சில்தான் இருந்தார். எனக்கு அசடு வழிந்தது.

அந்த லோரோங்கில் எல்லோரும் சேர்ந்து விழித்திருக்கும் நேரமே கிடையாதா என்று ஆறாம் வீட்டுக் கவிதாவிடம் கேட்டேன். தொழிற்சாலையில் டெக்னிஷியனாக இருக்கும் பெண், சுருக்கமாகத்தான் பேசுவாள். “ரெண்டரை மணிக்கு பஸ் ஸ்டாப்புல வந்து நில்லுங்கண்ணே” என்றாள்.

போய் நின்றேன். அவள் சொன்னது சரி. ஒரு கம்பெனியின் பஸ் காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிடுகிறது. இன்னொரு கம்பெனியின் பஸ் மாலை ஷிப்ட் ஆட்களை ஏற்ற வருகிறது. இரண்டுக்கும் நடுவில் கால் மணி நேரம். சாப்பாட்டுப் பையோடு ஒரு பாதி, சுருங்கிய சட்டையோடு மறு பாதி, லோரோங்கே அங்கே நிற்கிறது. வேலைக்குப் போகாதவர்களைக் கவிதா போனில் கூப்பிட்டு வரவழைத்திருந்தாள். முனியாண்டி அண்ணன் மாவுக் கையோடு வந்தார்.

கால் மணி நேரத்தில் வளவளவென்று பேச முடியாது. அது நல்லதாகப் போயிற்று. “கடைசி வீட்டுக்குத் தண்ணி வரல. காரணம் பம்ப். இந்த வரிசைல ஒன்பது வீட்டுக்குப் பம்ப் மாட்டுனது நான். பக்கத்து வீட்டுப் பம்பாலதான் உங்க வீட்டுல தண்ணி கொறஞ்சுதுன்னு தெரிஞ்சும் ஒண்ணு மேல ஒண்ணா மாட்டிக்கிட்டே போனேன். தப்பு என்னுது” என்று சொல்லிவிட்டேன்.

மேரி அக்கா அந்தோணி அண்ணனின் சிகிச்சையைப் பற்றி இரண்டு வரியில் சொன்னார். பிறகு முனியாண்டி அண்ணன் வெடித்தார். “அப்ப நான் பெரிய பம்ப் கேட்டப்பவே இத ஏன்டா சொல்லல? அந்த வீட்டு மனுசன் வயித்துல குழாயோட கெடக்கறாரு, எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது!”

“நானும் இன்னிக்கு வரைக்கும் யாருகிட்டயும் சொல்லலண்ணே” என்றார் மேரி அக்கா. “எல்லாரும் ஷிப்டுல அலையிறீங்க. எதுக்கு நம்ம சூசாவ, நம்ம கஷ்டத்த, அடுத்தவங்க தலையில ஏத்தறதுன்னு விட்டுட்டேன்.”

சங்கடத்தில் எல்லோரும் காலைப் பார்த்தார்கள். ஆனால் பம்பை நிறுத்தலாம் என்று நான் சொன்னதும் பேச்சு மாறிவிட்டது. நான் நிறுத்தினால் அடுத்தவன் இழுப்பான் என்றார் ஒருவர். அவர் நிறுத்தட்டும், நான் நிறுத்துகிறேன் என்றார் இன்னொருவர். பக்கத்தில் ஒருவர் மலாயில் எடுத்துச் சொன்னதும், ஐந்தாம் வீட்டு மலாய்க்கார அக்கா காக் ரோஸும் அதையேதான் சொன்னார். யாரும் கெட்டவர்கள் இல்லை. முதலில் கையை எடுப்பவன் ஏமாளி ஆகிவிடுவானோ என்று பயம், அவ்வளவுதான். தூரத்தில் பஸ் வளைவது தெரிந்தது.

கவிதாதான் வாயைத் திறந்தாள். “எங்க லைன்ல மெஷின நிறுத்தி வேல செஞ்சா செவப்பு டேக் மாட்டுவோம். டேக் இருக்கற வரைக்கும் வேற யாரும் சுவிட்ச தொடக்கூடாது. மேனேஜரா இருந்தாலும் அதேதான். இங்க ஒரே ஒரு டேக் வெப்போம். எந்த வீட்டு கேட்டுல டேக் தொங்குதோ அந்த வீட்டு பம்ப் மட்டும் ஓடட்டும். ஒரு மணி நேரம். முடிஞ்சா கையில எடுத்துட்டுப் போய் அடுத்த வீட்டுல குடுக்கணும்.”

“யாராச்சும் கள்ளத்தனமா ஓட்டுனா?” என்றார் முனியாண்டி அண்ணன்.

“சொவருக்கு அந்தப் பக்கம் கேக்கும்ண்ணே” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறிவிட்டாள். பஸ் ஸ்டாப்பே சிரித்தது. அங்கிருந்தவர்கள் பாதிப்பேர் தினமும் அந்த டேக்குக்குக் கட்டுப்பட்டு வேலை செய்பவர்கள், அதனால் விளக்கம் தேவைப்படவில்லை.

ஐஸ்கிரீம் டப்பா மூடியை வெட்டிச் சிவப்புச் சாயம் பூசி டேக் செய்தார்கள். அவரவர் ஷிப்டைப் பார்த்து யாருக்கு எந்த மணி என்று கவிதா போனில் பட்டியல் போட்டாள். பிறகு நடந்த கூத்துகள் கொஞ்சநஞ்சம் இல்லை. மூன்றாம் நாள் ஒருவர் டேக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். லோரோங் முழுக்கப் பம்பைத் தொடாமல் அவருக்காகக் காத்திருந்தது. எட்டாம் வீட்டில் திருட்டுத்தனமாகப் பம்ப் ஓடுகிறது என்று புகார் வந்தது. போய்ப் பார்த்தால் அது துணி துவைக்கும் மெஷின்.

நான் எதிர்பார்க்காதது வேறு. டேக்கைக் கையில்தானே கொடுக்க வேண்டும்? ஆகவே ஒவ்வொரு வீட்டுக்காரரும் தினமும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. தட்டினால் இரண்டு வார்த்தை பேச வேண்டும். காக் ரோஸின் மகளுக்குப் பரீட்சை என்பது நான்காம் வீட்டுக்குத் தெரிந்தது, அவர்கள் டிவியைக் குறைத்தார்கள். பதின்மூன்றாம் வீட்டம்மா டேக்கோடு சேர்த்து ஒரு கிண்ணம் ரசமும் அந்தோணி அண்ணனுக்குக் கொண்டுபோனார். உப்பு குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் மறுநாள் உப்பில்லாத ரசம் போனது. அதைக் குடித்தது எப்படி என்று அந்தோணி அண்ணன் என்னிடம் தனியாகச் சொல்லி அழுதார், சிரித்தும் கொண்டார்.

தாதி வரும் நாளில் பதினோரு மணிக்கு மேரி அக்கா வீட்டுக்கு முறை வைத்திருந்தோம். தாதி பதினோரு மணிக்கு வருவதாகத்தான் சொல்லியிருந்தார். ஆனால் ஒன்பதரைக்கே கார் வந்து நின்றுவிட்டது. குழாயைச் சோதிக்க நான் முன்னதாகப் போயிருந்தேன். அந்த நேரத்தில் டேக் முனியாண்டி அண்ணன் கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. கோயில் அன்னதானத்துக்கு மாவு கேட்டிருந்தார்கள். வரிசையிலேயே பெரிய பம்ப் அவருடையது. தாதி காரை விட்டு இறங்குமுன் மேரி அக்கா குழாயைத் திறந்து பார்த்தார். நூல் மாதிரி வந்து நின்றுபோனது.

நான் பின்வாசல் வழியாக ஓடினேன். இந்த வயதில் ஓடினால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். மூச்சு வாங்கிக்கொண்டு முனியாண்டி அண்ணன் முன்னால் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கடைசி வீட்டு வாசலில் நின்ற காரைப் பார்த்தார். கிரைண்டரில் மாவு பாதியில் சுற்றிக்கொண்டிருந்தது. பம்ப் சுவிட்சை அணைத்தார். டேக்கை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

நாங்கள் நுழையும்போது குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. தாதி தமிழ்ப் பெண், வயது நாற்பது இருக்கும். தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையசைத்தார். மேரி அக்கா கண்ணை மூடி ஏதோ ஜெபித்தார். பேனாவைத் திறந்த தாதி என் சட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“நீங்கதானே தண்ணிக்காரரு? இந்தத் தண்ணி எப்பவும் இப்படி வருமா?”

‘வரும்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். மேரி அக்காவின் வேலை தப்பும். எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். மேரி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணால் கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். ஆனால் தாதி போன பிறகு நான்கு வேளையும் கை கழுவப் போகிறவர் அந்தோணி அண்ணன். தண்ணீர் வராத ஒரு வேளையில் தொட்டித் தண்ணீரை மொண்டு கழுவுவார். வீட்டுக்காரர் காதுக்கு இனிமையாகச் சொல்லிச் சொல்லித்தான் நான் அந்த லோரோங்கையே கெடுத்திருந்தேன்.

“இல்ல மிஸ்ஸி. முறை வெச்சுத்தான் வருது. இப்ப வர்றதுகூட இவரு பம்ப நிறுத்துனதால” என்றேன்.

தாதி பேனாவை மூடினார். மேரி அக்கா சுவரோடு சாய்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. உண்மை சொன்னால் மனசு லேசாகிவிடும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை.

“மிஸ்ஸி” என்றார் முனியாண்டி அண்ணன். “இவருக்கு எத்தன மணிக்கு எத்தன மணிக்குத் தண்ணி வேணும்?”

“காலையில ஆறு, மத்தியானம் பன்னெண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி பத்து.”

“அந்த நாலு வேளையும் இந்த லோரோங்குல ஒரு பம்பும் ஓடாது. டேக் யாரு கையில இருந்தாலும் சரி.”

இப்படி ஒரு ஏற்பாடு அதுவரை கிடையாது. நின்ற நிலையிலேயே அவர் உண்டாக்கினார்.

“நீங்க ஒருத்தர் சொன்னா போதுமா ஐயா? பதினாலு வீடு இருக்கே” என்றார் தாதி.

அப்போதுதான் வாசலைப் பார்த்தோம். வீட்டிலிருந்தவர்கள் எல்லாம் கேட்டருகே வந்து நின்றார்கள். முனியாண்டி அண்ணன் கிரைண்டரை விட்டுவிட்டு நடந்தால் பின்னே வராமல் இருப்பார்களா? “நாலாம் நம்பர், நிறுத்திருவோம்” என்றார் ஒருவர். அந்த வாரம் இரவு ஷிப்டுக்கு மாறி, அரைத் தூக்கத்தில் நின்ற கவிதா, “ஆறாம் நம்பர்” என்றாள். காக் ரோஸுக்குத் தமிழ் தெரியாது. எண்கள் போவதை வைத்து விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, “நொம்போர் லீமா!” என்று மலாயில் தன் ஐந்தைச் சொல்லிக் கையைத் தூக்கினார். வேலைக்குப் போனவர்களுக்குக் கவிதா போனில் செய்தி அனுப்பினாள். அந்த வீட்டு எண்கள் அவர்களின் இடைவேளையில் ஒவ்வொன்றாக வந்தன. பதினான்காவது எண்ணை அந்தோணி அண்ணன்தான் சொல்ல வேண்டும். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தாதி அன்று கையெழுத்துப் போடவில்லை. “சொல்றது வேற, செய்யிறது வேற. அடுத்த வாரம் வருவேன். என்னிக்குன்னு சொல்ல மாட்டேன்” என்றார். எனக்கு அவரை அப்போது மிகவும் பிடித்துப்போயிற்று.

அடுத்த வாரம் ஒருநாள் பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தாராம். காரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு, முதல் வீட்டிலிருந்து ஒவ்வொரு சுவராகக் காது கொடுத்துக்கொண்டே நடந்து போனாராம். கடைசி வீட்டில் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டாராம். மேரி அக்கா இன்னும் காலை ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

நான் மாட்டிய ஒன்பது பம்புகளையும் சனிக்கிழமை சனிக்கிழமையாகப் போய்த் தெருக்குழாயிலிருந்து கழற்றினேன். வாசலில் ஒரு தொட்டி வைத்து, தண்ணீர் தானாக அதில் நிறைந்த பிறகு அதிலிருந்து மேலே ஏற்றும்படி மாற்றிக் கொடுத்தேன். முதலிலேயே அப்படித்தான் செய்திருக்க வேண்டும். இப்போது டேக் தேவையில்லை. ஆனாலும் அந்த நான்கு வேளையை அவர்கள் விடவில்லை. தேவையில்லை என்று நானே சொல்லிப் பார்த்தேன். “உனக்கு என்ன லா தெரியும்?” என்று முனியாண்டி அண்ணன் அடக்கிவிட்டார்.

ஆகவே, என்றைக்காவது உங்களில் யாரையாவது அந்த லோரோங்குக்குப் புகார் பார்க்க அனுப்புவார்கள். நீங்கள் போய்ச் சேரும்போது மத்தியானம் பன்னிரண்டு மணியாக இருக்கலாம். வரிசை முழுக்க ஒரு பம்பும் ஓடாது, ஒரு குழாயும் திறந்திருக்காது, கிரைண்டர்கூட நின்றிருக்கும். எல்லாம் கெட்டுப்போய்விட்டது என்று பதறி டூல் பெட்டியைத் திறக்காதீர்கள். ஒன்றும் கெடவில்லை. மோட்டார் சைக்கிளை நிழலில் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். அந்தோணி அண்ணன் கை கழுவிக்கொண்டிருக்கிறார்.